இரண்டாவது ஹோர்ன்

அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஊதுவாய் இருக்கும். பித்தளை வாத்தியத்தில் உதட்டை வைத்து ஊதுகிற சின்னக் கிண்ணம் போன்ற துண்டு அது. வெள்ளிப் பூச்சு ஒரு பக்கம் தேய்ந்து மஞ்சள் தெரியும். மற்ற அப்பாமார் பேனையும் கண்ணாடிக் கூடும் வைக்கிற இடத்தில் என் அப்பா அதை வைத்திருந்தார். குளிர்ந்த உலோகத்தை உதட்டில் வைக்கக் கூடாது, அது எப்போதும் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஹரோவில் அவர் வேலை செய்த சுப்பர்மார்க்கெட்டின் களஞ்சிய அறைக்கும், வெம்பிளிக் கோயிலுக்கும், கலியாண வீடுகளுக்கும் அது அவரோடு போனது. உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குள் எதுவோ கடகடவென்று உருளும் சத்தம் கேட்டால், "இஞ்சை, உங்கடை அப்பான்ரை இதயம் உருளுது" என்று எங்களிடம் சொல்லிவிட்டு அம்மா மெஷினை நிற்பாட்டுவார்.

அந்த ஊதுவாய் பொருந்துகிற வாத்தியத்துக்கு ஹோர்ன் என்று பெயர். முட்டை வடிவில் வளைந்த பித்தளைக் குழல், கைக்குழந்தையைப் போல மடியில் சாய்த்து வைத்து ஊதுவது. ஜெர்மனியில், பவேரியாவின் கிழக்கு ஓரத்தில், செக் எல்லைக்குப் பக்கத்திலுள்ள ஒரு கிராமத்து பாண்டில் அப்பா அதை வாசித்தார். நாட்டை விட்டு ஓடி வந்தவர்களை அந்தக் காலத்தில் அரசாங்கம் ஊரூராகப் பிரித்து அனுப்பியது. அப்பாவை அனுப்பிய ஊரில், பூட்டிக் கிடந்த ஒரு விடுதியின் மேல்மாடியில் படுக்க இடம் கொடுத்தார்கள். வேலை செய்யக் கூடாது, மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. கீழே மண்டபத்தில் ஊர் பாண்ட் ஒத்திகை பார்க்கும். அப்பாவுக்கு வேறு போக்கிடம் இல்லாததால் படிக்கட்டில் இருந்து கேட்பார். பாண்ட் மாஸ்டர் ஒரு பேக்கரிக்காரர். ஒரு நாள் அவர் படிக்கட்டைப் பார்த்துக் கை காட்டிக் கூப்பிட்டு, ஆளில்லாத ஒரு கதிரையில் அப்பாவை இருத்தி, மடியில் ஹோர்னை வைத்தாராம். கிளாரினெட்டுக்கும் ட்ரம்பெட்டுக்கும் ஊருக்குள் அடிபிடி. இரண்டாவது ஹோர்னுக்கு மட்டும் எந்த வீட்டுப் பிள்ளையும் வருவதில்லை. "ஒருத்தருக்கும் வேண்டாத வாத்தியம், ஒருத்தருக்கும் வேண்டாத ஆள். நல்ல பொருத்தம்" என்று அப்பா சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

இரண்டாவது ஹோர்ன் என்ன வாசிக்கும் என்று சொல்லாவிட்டால் நான் சொல்ல வருவது விளங்காது. அந்தப் பகுதிப் பாட்டுகளில் மெட்டு கிளாரினெட்டிடமும் ட்ரம்பெட்டிடமும் இருக்கும். டூபா என்கிற பெரிய குழல் முதல் அடியைப் போடும். அந்த அடிக்குப் பின்னால் வருகிற சின்ன அடிகள் ஹோர்ன்களுக்கு. டூபா "உம்" என்றால் ஹோர்ன் "தத்தா". அவ்வளவுதான் வேலை. திருவிழா முழுக்க, கலியாணம் முழுக்க, தத்தா. அதிலும் ஸ்வீபாகர் என்று அந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு நடனம் உண்டு. மூன்று அடியில் சுழன்றுகொண்டிருக்கிற சோடிகள் திடீரென்று இரண்டு அடிக்கு மாறுவார்கள், பிறகு மூன்றுக்குத் திரும்புவார்கள். எங்கே மாறும் என்பது பாட்டுக்குப் பாட்டு வேறு. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கே கால் தடுக்குகிற இடம். நோட்டு வாசிக்கத் தெரியாத அப்பா அதை மனப்பாடம் செய்ய ஒரு வழி வைத்திருந்தார். மூன்றடிக்கு "முருகா", இரண்டடிக்கு "வேலா". முருகா முருகா வேலா வேலா, முருகா முருகா வேலா வேலா. இதில் முதல் எழுத்து டூபாக்காரருக்குச் சொந்தம், மிச்சம் அப்பாவுக்கு. "மு அவன்ரை, ருகா என்ரை. வே அவன்ரை, லா என்ரை" என்று என் உள்ளங்கையில் தட்டிக் காட்டுவார். பவேரியக் கத்தோலிக்கர் பியர் குடித்துவிட்டு ஆடுகிற மண்டபத்தில் என் அப்பா முருகனைப் பாதி விழுங்கி விழுங்கி ஊதிக்கொண்டிருந்தார் என்பது எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கும் தெரியாது.

நாங்கள் பிறந்தது அந்த ஊரில். எனக்கு நினைவிருக்கிற அப்பா அந்தக் கதிரையில் இருக்கிற அப்பாதான். சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு, மான்கொம்புப் பொத்தான்கள், பச்சைத் தொப்பி. கோடையில் நற்கருணைப் பவனி வரும். வயல்களுக்கு நடுவே குருவானவர் குடைக்குக் கீழே நடந்து போக, பின்னால் பாண்ட், அதில் ஒரேயொரு கறுத்த முகம். "நெத்தியிலை வீபூதியோடை போறார், பார்" என்று அம்மா வீதியோரம் நின்று தலையில் அடித்துக்கொள்வார். ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. கடையில் அப்பாவைத் தெரியாத மாதிரிப் போகிறவர்கள் கூட மண்டபத்தில் அவர் ஊத ஆடினார்கள். அதைப் பற்றி அப்பா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய பெருமை வேறு. "மெட்டு வாசிக்கிறவை பிழைவிட்டால் சனத்துக்குக் கேட்கும், அவ்வளவுதான். நான் நிப்பாட்டினால் ஆடுற சனம் தடக்குப்படும்" என்பார். பேக்கரிக்காரர் அப்படிச் சொல்லித்தான் அவரைப் பிடித்து வைத்திருந்தார் போல. விண்ணப்பம் வருசக்கணக்காக இழுபட்டு, போன அலுவலகமெல்லாம் உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்ட மனுசன் என் அப்பா. தான் நிறுத்தினால் ஒரு மண்டபமே தடுமாறும் என்ற நினைப்பில்தான் அவர் அந்த வருசங்களைத் தாண்டியிருக்கிறார். அதை அவரிடமிருந்து யாரும் பறித்துவிடக் கூடாது என்று எனக்கு இருந்தது.

பிறகு லண்டன். ஜெர்மன் பாஸ்போட் கிடைத்த கையோடு, அங்கேயிருந்த தமிழ்ச் சனத்தில் பாதிப் பேர் செய்ததை நாங்களும் செய்தோம். பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பு, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, கோயில், சீலைக் கடை, சித்திமார், மாமாமார் என்று அம்மா அடுக்கினார். அப்பா, "பிள்ளையளுக்கு நல்லதெண்டால் ஓம்" என்றார். பாண்டுக்காரர் ஹோர்னை அவருக்கே கொடுத்து அனுப்பினார்கள். ஹரோவில் நாங்கள் வாங்கிய வீடு பக்கத்து வீட்டோடு ஒட்டினது. முதல் வாரமே சுவரில் தட்டினார்கள். அப்பா பின்பக்கத்துக் கொட்டிலுக்கு இடம் மாறினார். புல்லு வெட்டும் மெஷினுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. ஷிப்ட் முடிந்து வந்து, தேத்தண்ணி குடித்து, கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்துவார். டூபாவின் அடியைக் காலால் நிலத்தில் தட்டிவிட்டுத் தன் அடியை ஊதுவார். வெளியில் கேட்பது அந்தச் சின்ன அடி மட்டும். தத்தா, தத்தா, தா, தா. மெட்டு இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தால் வராது. நான் சோதனைகளுக்குப் படித்ததும், மருந்தாளராகி இதே ஹரோவில் வேலைக்குச் சேர்ந்ததும் அந்தத் தத்தாவுக்கு நடுவில்தான். உண்மையைச் சொன்னால் அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருக்கும். சரியாகப் பூட்டாத குழாயில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி.

என் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு ஒரு மண்டபம் எடுத்திருந்தோம். அம்மாவின் தம்பி, செவன் கிங்ஸ் பக்கத்தில் இருக்கிற மாமா, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், இவ்வளவு காலமாக் கொட்டிலுக்கை ஊதுறியள். இண்டைக்கு மகளுக்கு ஒரு பாட்டு வாசியுங்கோவன்" என்று கூப்பிட்டுவிட்டார். சனம் கை தட்டியது. அப்பா வெட்கப்பட்டார், ஆனால் சந்தோசம் முகத்தில் தெரிந்தது. காரில் இருந்து ஹோர்னை எடுத்து வந்து, மேடையில் இருந்து, ஒரு ஸ்வீபாகரை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரு அடி பிசகாமல் வாசித்தார். அதாவது தன் பங்கை. தத்தா தத்தா தா தா. சனம் முதலில் மரியாதையாகக் கேட்டது. பிறகு ஒருவரையொருவர் பார்த்தது. அப்பா நிறுத்தி, ஹோர்னை மடியில் சாய்த்தபோது மாமா கேட்டார்: "என்னத்தான், பாட்டு எப்ப தொடங்கும்?" மண்டபம் குலுங்கியது. நானும் சிரித்தேன், அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து ஹோர்னைத் துடைத்துக்கொண்டு, "பாட்டு என்னட்டை இல்லைப் பிள்ளை. அது மற்றவையிட்டை இருக்கு. எல்லாரும் சேர்ந்தால்தான் நான் என்ன செய்யிறன் எண்டு தெரியும்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் சனத்துக்கு முன்னால் அவர் ஹோர்னைத் தொடவில்லை.

லண்டனில் தேடாமல் இருக்கவில்லை. இலையுதிர் காலத்தில் இங்கேயும் பெரிய கூடாரங்கள் போட்டு ஜெர்மன் பியர் விற்பார்கள், பாண்டும் இருக்கும். அப்பா கழுத்தில் ரை கட்டிக்கொண்டு, ஊதுவாயைப் பையில் போட்டுக்கொண்டு அப்படி ஒன்றுக்குப் போனார், துணைக்கு நானும் போனேன். தோல் காற்சட்டை போட்ட இங்கிலிஷ் பெடியள் மேசைமேல் ஏறி நின்று ரேடியோப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் அப்பா போய், உங்களுக்கு ஹோர்ன் வாசிக்க ஆள் வேணுமா என்று கேட்டார். நல்ல பெடியள், பொறுமையாகப் பதில் சொன்னார்கள். கீபோட்டில் ஒரு பொத்தானைக் காட்டி அழுத்தினான் ஒருவன். உம் தத்தா, உம் தத்தா என்று அது தானாகவே அடித்தது. ரயிலில் வரும்போது, "என்ரை வேலையை ஒரு பொத்தானுக்குள்ளை போட்டு வைச்சிருக்கிறாங்கள்" என்றார். ஹரோவில் இறங்கும்போது, "ஆனால் அதுக்கு மாறத் தெரியாது. மூண்டெண்டால் மூண்டுதான். ஸ்வீபாகர் வந்தால் அது முழிக்கும்" என்று தனக்குத் தானே தேறுதல் சொல்லிக்கொண்டார்.

போன வருசம் வசந்தகாலத்தில் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. பேக்கரிக்காரர் காலமாகிவிட்டார், இப்போது பாண்டை நடத்துவது அவருடைய மகள். எங்கள் காலத்தில் பின்னல் போட்டுக்கொண்டு கிளாரினெட் வாசித்த பெண். பாண்ட் ஒரு சுற்றுலாவாக லண்டன் வருகிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பூங்கா ஒன்றில் வாசிக்கப் போகிறது, நீங்களும் வந்து எங்களோடு இருந்து வாசிக்க வேண்டும் என்றாள். அப்பா போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பழைய ஜெர்மன் மெல்ல மெல்ல வந்தது. இப்போது என் இடத்தில் யார் என்று கேட்டார். ஒருவரும் இல்லை, நீங்கள் போனதிலிருந்து அந்தக் கதிரை சும்மாதான் இருக்கிறது என்றாள் அவள். அப்பா போனை வைத்துவிட்டு அம்மாவிடம் போய், "என்ரை இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கேல்லையாம்" என்றார். அன்று முழுக்க அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எழுபது தாண்டிய மனுசன் சமையலறையில் நின்று முருகா முருகா வேலா வேலா என்று கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். அவரை அப்படி நான் லண்டனில் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு நெடுங்காலமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. அது பல்லைத் தாங்குகிற முரசைத்தான் முதலில் பிடித்தது. மேல் முன்பற்கள் ஆடத் தொடங்கியிருந்தன. வெம்பிளியில் பல் டொக்டர் எங்கடை சனத்துப் பிள்ளைதான், மானிப்பாய்க் குடும்பம். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதுகளை வைச்சிருக்க ஏலாது. உள்ளுக்குக் கிருமி இருக்கு, பரவினால் ஆபத்து" என்றார். அப்பா, "பிள்ளை, அந்த ஞாயிறு வரைக்கும் விடுங்கோ. திங்கள் காலமை நானே வந்து வாயைத் திறக்கிறன்" என்று கெஞ்சினார். பித்தளை ஊதுகிறவனுக்கு உதட்டுக்குப் பின்னால் முன்பல் ஒரு சுவர் மாதிரி இருக்க வேண்டும், அந்தச் சுவரில் ஊன்றித்தான் சத்தம் வரும் என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தினார். டொக்டர் மருந்து தந்தார். எந்த மருந்து, எத்தனை வேளை என்று நான் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன், என் தொழிலே அதுதானே. ஒன்றுக்கும் மசியவில்லை. நிகழ்ச்சிக்குச் சில வாரம் இருக்கும்போது முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண்ணை மூடியது, காய்ச்சல் ஏறியது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அங்கே பல்லுப் பிடுங்கக் கொடுத்த மயக்கம் தெளிந்து எழும்பியபோது மேல்வரிசையில் முன்னுக்கு ஒரு பல்லும் இல்லை. அப்பா நாக்கால் தடவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். "வயசு போனால் பல்லு விழும்தானே, உயிர் தப்பினதே பெரிய காரியம்" என்று அம்மா அவர் காலைத் தடவிவிட்டார். அம்மா சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

கட்டுப்பல் வந்ததும் கொட்டிலுக்குப் போனார். நான் கதவடியில் நின்றேன். கால் தட்டுவது கேட்டது. அதன்பின் புஸ் என்று காற்று. மீண்டும் கால், மீண்டும் காற்று. உதட்டை அழுத்தினால் கட்டுப்பல் வழுக்குகிறது, அழுத்தாவிட்டால் சத்தம் பிறக்கவில்லை. பசை பூசிப் பார்த்தார், பஞ்சு வைத்துப் பார்த்தார், பல்லைக் கழற்றிவிட்டு வெறும் முரசில் வைத்துப் பார்த்து உதட்டைக் கிழித்துக்கொண்டார். நான் உள்ளே போய், "அவைக்குச் சொல்லுங்கோ அப்பா. சும்மா போய் நிண்டு கேட்டிட்டு வருவம்" என்றேன். "கதிரை போட்டு வைச்சிருப்பினம், பிள்ளை. நான் இருக்காட்டி அந்த இடம் ஓட்டையாத் தெரியும்" என்றார். "அங்கை இருந்தால், சில நேரம், சத்தம் வரும்." அந்த "சில நேரம்" என்பதை அவரே நம்பவில்லை. குரலிலேயே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை தூறியது. பூங்காவின் நடுவில் எண்கோண மேடை, சுற்றிவரக் கொஞ்சச் சனம், குடைகள், நாய்கள். பாண்டுக்காரர் அப்பாவைக் கண்டதும் கட்டிப் பிடித்தார்கள். சாம்பல் கோட்டு ஒன்று கொண்டு வந்திருந்தார்கள், தோளில் கொஞ்சம் பெரிது. அம்மா பொரித்த பற்றிஸும் ரோல்ஸும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து எல்லாருக்கும் நீட்டினார். அப்பா இரண்டாம் வரிசையில், தன் கதிரையில் இருந்தார். முதல் பாட்டு ஒரு மார்ச். அப்பா ஊதப் பார்த்தார். கன்னம் சிவந்தது, தாடை இழுபட்டது, கட்டுப்பல் நகர்ந்திருக்க வேண்டும், சட்டென்று கையால் வாயைப் பொத்தினார். அதற்குப் பிறகு அவர் ஊதவில்லை. ஹோர்னை உதட்டில் வைத்தபடி, மற்றவர்களோடு மூச்செடுத்து, மற்றவர்களோடு விரல்களை அழுத்தி, மற்றவர்களோடு இறக்கினார். என்னைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. கொட்டிலில் நடந்ததைப் பார்த்திராவிட்டால் எனக்குக் கூடத் தெரிந்திருக்காது.

பிறகு ஸ்வீபாகர் வந்தது. பாண்டோடு வந்திருந்த ஊர்ச் சோடிகள் மேடைக்கு முன்னால் நனைந்த தார்த் தரையில் ஆட இறங்கினார்கள். அப்பாவின் தொண்டை அசைவதை நான் பார்த்தேன். முருகா முருகா வேலா வேலா. மூன்றிலிருந்து இரண்டுக்கு மாறுகிற இடம் வந்தது. கடவுளே, ஒரு ஆள், ஒரேயொரு ஆள் தடுக்கி நிற்க வேண்டும் என்று நான் நேர்ந்துகொண்டேன். வயதான ஒரு மனிசி, முழங்கால் வருத்தக்காரி போல, புருசனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மூன்றிலிருந்து இரண்டுக்கும் இரண்டிலிருந்து மூன்றுக்கும் வழுக்கிக்கொண்டு போனாள். எல்லாரும் போனார்கள். அப்பாவும் அந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் பேக்கரிக்காரரின் மகள் இறங்கி வந்து அப்பாவின் இரண்டு தோளையும் பிடித்து, அப்படியே அந்தக் காலம் மாதிரி இருந்தது, ஒரு அடி கூட நீங்கள் மறக்கவில்லை என்றாள். மனதாரச் சொன்னாள். அப்பா புதுப் பல்லோடு சிரித்தார். காரில் ஏறியதும் அம்மா பின்னால் திரும்பி, "இஞ்சாருங்கோ, உங்கடை சத்தம் எனக்குத் தனியாக் கேட்டது" என்றார். அப்பா ஜன்னலைப் பார்த்தபடி, "ம்" என்றார்.

இப்போது அவருக்கு நிரந்தரமான கட்டுப்பல் கட்டியாகிவிட்டது, இறுக்கமாக இருக்கிறது, முறுக்குக் கூடக் கடிக்கிறார். கொட்டிலுக்கு அரிசி எடுக்க மட்டும் போவார். பின்னேரங்களில் வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. எவ்வளவு எரிச்சல்பட்ட சத்தம், இன்றைக்கு அது வராதா என்று தேத்தண்ணியை வைத்துக்கொண்டு சமையலறையில் இருக்கிறேன். கட்டுப்பல்லோடு ஊதப் பழக்குகிற ஒரு ஆசிரியர் லண்டனில் இருக்கிறார் என்று நான் வேலை செய்கிற மருந்துக்கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகலாமாம், அடுத்த கோடைக்கு நீங்களே அந்த ஊர் பாண்டுக்குப் போய் வாசிக்கலாம் என்றேன். அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"இவ்வளவு காலமும் நானும் சேர்ந்து ஊதிக்கொண்டிருந்ததாலை கேட்கக் கிடைக்கேல்லைப் பிள்ளை" என்றார். "அண்டைக்குத்தான் முழுசா இருந்து கேட்டனான். வடிவா வாசிக்கினம். ஒரு குறையும் இல்லை."